அரசின் பழைய கணினிகளை மாற்றிவிட்டால் ஹேக்கிங் நின்றுவிடுமா?

கேள்வி இது: "அரசு அலுவலகம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பாதி மெஷின்களில் இன்னும் விண்டோஸ் 7. உள்ளே ஓடும் சாஃப்ட்வேர் 2004இல் எழுதியது. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் பாதுகாப்பு என்கிறார் மேலதிகாரி. உண்மையா? பெரிய பெரிய நாடுகளே ஏன் பழைய கணினிகளைக் கட்டிக்கொண்டு அழுகின்றன?"

உங்கள் மேலதிகாரி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி இறங்கினால் பணமும் போய், பாதுகாப்பும் வராமல், கடைசியில் சம்பளப் பட்டியல்கூட ஓடாத நிலைக்கு வரலாம். மிகைப்படுத்தவில்லை. கனடாவில் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மெயின்ஃபிரேம்களை, அதாவது பெரிய நிறுவனங்களின் ராட்சத மையக் கணினிகளைப் பராமரிப்பதும், அவற்றை வேறு தளத்துக்கு மாற்றுவதுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். நாங்கள் 'கோபால்' என்று உச்சரிக்கும் கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழிதான் எனக்குச் சோறு போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் "கோபாலை நிறுத்து, கோபால்தான் பிரச்சினை" என்று கத்திக்கொண்டிருந்தேன். "யாருப்பா அந்தக் கோபால், அவன் பிழைப்பில் ஏன் கை வைக்கிறாய்?" என்று அம்மா மறுநாள் வருத்தப்பட்டுக் கேட்டார். ஆகவே பழைய கணினிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் 'பழசு' என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2016 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அணு ஆயுதப் படைகளின் செயல்பாட்டை ஒருங்கிணைக்கும் ஓர் அமைப்பு 1970களின் ஐபிஎம் சீரிஸ்/1 கணினியில், எட்டு அங்குல ஃபிளாப்பியை வைத்து ஓடிக்கொண்டிருப்பதாக அதில் இருந்தது. நாம் கல்லூரியில் பார்த்த மூன்றரை அங்குல ஃபிளாப்பி இல்லை, அதற்குத் தாத்தா. சின்னத் தோசைக்கல் அளவு இருக்கும். உலகமே சிரித்தது. ஆனால் அதற்கும் இணையத்துக்கும் தொடர்பே கிடையாது. அதை ஹேக் செய்ய நினைப்பவன் ஆயுதம் தாங்கிய காவலைத் தாண்டி நேரில் போய் நிற்க வேண்டும். 2019இல் ஃபிளாப்பியை எடுத்துவிட்டு நவீன சேமிப்புக் கருவியை வைத்தார்கள். உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது என்று ஜிஏஓ முன்பே சொல்லியிருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை 2018 ஏப்ரல் 17இல் நடந்தது. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று பார்த்து வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கணினிகள் படுத்துவிட்டன. கெடுவை ஒரு நாள் நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஐஆர்எஸ்ஸின் மூலப் பதிவேடு 1960களில் எழுதிய மென்பொருளில் ஓடுவது என்பதால் எல்லோரும் அதன் மேல் பாய்ந்தார்கள். கடைசியில் பார்த்தால், பழுதானது வாங்கி ஒன்றரை வருடமே ஆன சேமிப்புக் கருவி. கிழவன் நின்றான், பையன் விழுந்தான்.

அதனால் வயதை விடுங்கள். நான் கேட்பது வேறு. நாளைக் காலை ஓர் ஓட்டை வெளியே தெரிந்தால், இந்த வாரத்துக்குள் அதை அடைக்க முடியுமா? எங்கே கை வைக்க வேண்டும், வைத்தால் வேறு என்ன உடையும் என்று சொல்ல ஆள் இருக்கிறாரா? இருந்தால் ஐம்பது வயது மெயின்ஃபிரேமும் எனக்குப் பழசில்லை. இல்லையென்றால் போன வருடம் டெண்டர் விட்டு வாங்கியதும் பழசுதான்.

வன்னாக்ரை என்ற வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் கணினிகள் சிவப்புத் திரை காட்டிப் பணம் கேட்டன. இங்கிலாந்தில் டிரஸ்ட் என்று சொல்லப்படும் மருத்துவமனை நிர்வாகங்கள் 236. அவற்றில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். எல்லோரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் தணிக்கையில் தெரிந்தது வேறு: வைரஸ் புகுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முழுதாக இருந்த விண்டோஸ் 7! ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் அந்த இடங்களில் போடவில்லை, அவ்வளவுதான். சில இடங்களில் போட நினைத்தாலும் முடியாத நிலை. ஸ்கேன் கருவியோடு சேர்ந்து வந்த கணினியை மருத்துவமனை தொடக் கூடாது, கருவியை விற்ற நிறுவனம்தான் தொட வேண்டும்.

ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் விரிவாகச் சொல்லும் கதை ஓபிஎம்முடையது. அது அமெரிக்க அரசின் ஊழியர் நிர்வாக அலுவலகம். ரகசியம் காக்க வேண்டிய வேலைக்குப் போகிறவர்கள் எஸ்எஃப்-86 என்ற படிவத்தை அப்போது அங்கே கொடுக்க வேண்டியிருந்தது. நூறு பக்கத்துக்கு மேல் போகும். எங்கெல்லாம் குடியிருந்தாய், வெளிநாட்டில் யாரைத் தெரியும், கடன் உண்டா, போதைப் பழக்கம் இருந்ததா, மனநல சிகிச்சை எடுத்தாயா என்று கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் விசாரிப்பதைவிடக் குடைந்து கேட்பார்கள். 2015இல் செய்தி வெளிவந்தபோது 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரம் போயிருந்தது. 56 லட்சம் பேரின் கைரேகையும் போயிருந்தது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டை விரலை என்ன செய்வது?

நடந்த வரிசையைப் பாருங்கள். 2014 மார்ச்சிலேயே உள்ளே யாரோ இருப்பது தெரிந்துவிட்டது. உடனே விரட்டாமல், என்ன செய்கிறார்கள் என்று கண்காணித்துவிட்டு, மே 27ஆம் தேதி ஒரே மூச்சில் துடைத்தெடுத்தார்கள். தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் மே 7ஆம் தேதியே, பின்னணி விசாரணை செய்து தரும் ஒப்பந்த நிறுவனத்தின் லாகினைப் பயன்படுத்தி இன்னொரு கை உள்ளே வந்திருந்தது. வாசலில் ஒருவனை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறம் வழியாக இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்தான். 2015 ஏப்ரலில், 'ஓபிஎம் செக்யூரிட்டி' என்ற பெயர் கொண்ட ஓர் இணைய முகவரிக்கு உள்ளிருந்து தரவு போவது கண்ணில் பட்டது. ஓபிஎம்முக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது. அதைப் பதிவு செய்தவர் பெயர் ஸ்டீவ் ரோஜர்ஸ் என்றிருந்தது. காமிக்ஸில் வரும் கேப்டன் அமெரிக்காவின் நிஜப் பெயர் அது.

நாடாளுமன்ற விசாரணையில் அப்போதைய தலைவர் கேத்தரின் ஆர்ச்சுலெட்டா, எங்கள் கணினிகள் மிகப் பழையவை, அவற்றில் தரவைக் குறியாக்கம் செய்ய, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்க, வழியில்லை என்கிற பாணியில் பதில் சொன்னார். அதே விசாரணையில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆண்டி ஓஸ்மென்ட், குறியாக்கம் செய்திருந்தாலும் இந்தத் தாக்குதலில் பயன் இருந்திருக்காது என்றார். உண்மைதான். சரியான லாகினோடு வருகிறவனுக்குப் பூட்டு தானாகவே திறக்கும். பயன்பட்டிருக்கக்கூடியது இரண்டாம் அடையாளச் சோதனை. வங்கிப் பரிவர்த்தனைக்கு நமக்கெல்லாம் ஓடிபி வருகிறதே, அந்த வகை. அதை முழுமையாகப் போட்டது 2015 ஜனவரியில்தான். அதற்குள் பின்னணி விசாரணைக் கோப்புகள் போய்விட்டன. இன்னொன்றும் உண்டு. 2014 நவம்பரிலேயே அந்த அலுவலகத்தின் உள் தணிக்கை, தன்னிடம் எத்தனை சர்வர், எத்தனை தரவுத்தளம் இருக்கிறது என்ற முழுப் பட்டியலே ஓபிஎம்மிடம் இல்லை என்று எழுதியிருந்தது. ஓடிபி போடவும் பட்டியல் எழுதவும் கோபாலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் 2023இல் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை அரசின் மேகக் கணினி (கிளவுட்) வலையமைப்பை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதில் அடக்கம். சேவையைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போனது போனதுதான், ஏனென்றால் அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். புதிய பதிப்புக்கு மாற 2021இலேயே திட்டம் இருந்தது. நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாக முடிவுகளாலும் தள்ளிப்போனது என்று அரசின் தகவல் தொழில்நுட்ப முகமையே சொன்னது. நாடே கடனில் மூழ்கி பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம். மின்னஞ்சல் சர்வருக்குப் பணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பேக்கப்பை ஒரு தனி வட்டில் எடுத்துக் கழற்றி வைப்பதற்கு அவ்வளவு பணம் ஆகாது.

சரி, வசதியுள்ள நாடுகள் ஏன் மாற்றுவதில்லை? பணம் இருக்கிறது, ஆனால் தவறான பையில் இருக்கிறது. அதே 2016 ஜிஏஓ அறிக்கைப்படி அமெரிக்க மத்திய அரசு ஆண்டுக்கு 8,000 கோடி டாலருக்கு மேல் கணினிகளுக்குச் செலவழித்தது. அதில் சுமார் முக்கால் பங்கு இருப்பதை ஓட வைப்பதற்கே போனது. ஒழுகும் கூரைக்கு வருடா வருடம் ஓடு மாற்றியே காசு தீர்ந்துவிடுவதால், புதுக் கூரை போடக் காசு சேருவதே இல்லை. இதற்காகவே 2017 டிசம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்து தனி நிதியம் அமைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் எனக்குத் தெரிந்து பெரிய தடை பணமில்லை, பயம்.

அந்தப் பயம் நியாயமானது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பழைய புரோகிராம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். பிறந்த தேதி 1901 ஜனவரி 1 என்றிருந்தால் கணக்கு வேறு வழியில் போகும் என்று ஒரு வரி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வேண்டாத வரி என்று முடிவு கட்டி, சோதனைத் தளத்தில் அதை எடுத்தோம். மாத முடிவு ஓட்டத்தை ஓட்டிப் பார்த்தால் சில நூறு பேருக்குத் தொகை பூஜ்யம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த ஒரு கிளார்க்கைத் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்தத் தேதியைப் போட்டு வைப்பது என்று பல வருடங்களுக்கு முன் ஒரு கிளை அலுவலகத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். கையேட்டில் அது இல்லை, விதிமுறையில் இல்லை. அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருந்தது. நீங்கள் சொன்ன 2004ஆம் வருட சாஃப்ட்வேரில் இப்படி எத்தனை வரிகள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கனடாவுக்கு வருவோம். நாற்பது வருடப் பழைய சம்பள மென்பொருளை எடுத்துவிட்டு, ஃபீனிக்ஸ் என்ற புதியதை 2016 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. துறைதோறும் இருந்த சம்பளப் பிரிவு ஆட்களை அனுப்பிவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிற்றூரில் ஒரே மையமாக்கினார்கள். யாருக்கு எந்த அலவன்ஸ், எந்த ஒப்பந்தத்தில் என்ன விலக்கு என்பதெல்லாம் அந்தப் பழைய ஆட்கள் தலையில் இருந்தது. அவர்களோடு வெளியே போனது. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்கு இரண்டு மடங்கு வந்தது. நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் 2018 அறிக்கையில் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சுகாதாரத் துறைக்கு 2010இல் வந்த சம்பள மென்பொருளும் இதே ரகம்: 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் தொடங்கிய பேச்சு 120 கோடியில் போய் முடிந்தது. ஒரே நாளில் பழசை அணைத்துப் புதுசை ஏற்றுவோம் என்ற திட்டத்தை யாராவது பவர்பாயின்டில் காட்டினால், கொஞ்சம் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பிறகு எப்படித்தான் மாற்றுவது? பனை மரத்தின் மட்டை இடுக்கில் ஆலம் விதை விழுந்து வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். பனையை யாரும் வெட்டுவதில்லை. ஆல் மெல்ல வேர் இறக்கி, சுற்றி வளைத்து, ஒரு கட்டத்தில் தானே நிற்கும். அப்படித்தான் செய்ய வேண்டும். பழைய அமைப்புக்கு முன்னால் ஒரு புதிய வாசலை வையுங்கள். லாகின், ஓடிபி, யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு எல்லாம் அந்த வாசலிலேயே நடக்கட்டும். அப்புறம் உள்ளே இருக்கும் வேலைகளில் சின்னதாக, தனியாகப் பிரியக்கூடிய ஒன்றை எடுத்துப் புதிதாக எழுதுங்கள். இரண்டையும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, விடைகளை ஒப்பிடுங்கள். எங்கே விடை மாறுகிறதோ அங்கேதான் 1901 ஜனவரி 1 ஒளிந்திருக்கும். பொருந்திய பிறகு அந்த ஒரு துண்டை மட்டும் பழையதில் அணையுங்கள். அலுப்பான வேலைதான், ரிப்பன் வெட்டும் விழா எதுவும் வராது. அதனால்தான் அமைச்சர்களுக்கு இது பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

எஸ்டோனியாவில் இதையே ஒரு கொள்கையாக வைத்திருக்கிறார்கள்: முக்கியமான அரசு மென்பொருள் எதுவும் 13 வயதைத் தாண்டக் கூடாது. வயது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு இதைப் பாராட்டுகிறேனே என்று கேட்கலாம். எனக்குப் பிடித்தது அந்த 13 என்ற எண் இல்லை. அடிக்கடி பிரித்துக் கோக்கிற பழக்கம் வந்துவிடுவதுதான். 2017 கோடை முடிவில் அவர்களுடைய அடையாள அட்டையின் சிப்பில் பெரிய ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். ஏழரை லட்சம் அட்டைகள். அவ்வளவு சின்ன நாட்டில் அது பாதிக்கு மேற்பட்ட மக்கள். நவம்பர் 3ஆம் தேதி இரவோடு பழைய சான்றிதழ்களை நிறுத்திவிட்டு, மக்கள் வீட்டிலிருந்தே இணையம் வழியாக அட்டையைப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்தார்கள். புதிய தொழில்நுட்பத்திலும் ஓட்டை வந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் கை வைத்து மாற்ற முடிந்தது.

கடைசியாக எய்ம்ஸ். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு. ஓபி சீட்டிலிருந்து பரிசோதனை முடிவு வரை கையால் எழுதும் நிலை இரண்டு வாரம் போல நீடித்தது. நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன காரணம், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காதது. ஒரு அறையில் பிடித்த தீ கூடம் முழுக்கப் பரவாமல் இருக்க நடுவில் சுவர் வேண்டும். அது இல்லை.

இனி உங்கள் அலுவலகம். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. அவசரப்பட்டு யாராவது 10க்கு மாற்றச் சொன்னால் தலையாட்டாதீர்கள். அதற்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. புதிய மெஷினுக்குக் கோப்பு எழுதி அனுப்புங்கள், அது வருகிறபோது வரட்டும். அதுவரை, அந்தப் பழைய சாஃப்ட்வேர் ஓடும் மெஷின்களை இணையத்திலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க் ஸ்விட்சில் போடுங்கள். மெயில் பார்க்க வேறு மெஷின். ஒரு நோட்டில், எக்செல்கூட வேண்டாம், எந்த அறையில் எந்த மெஷின், அதில் என்ன ஓடுகிறது, யாருக்கு பாஸ்வேர்டு தெரியும் என்று எழுதுங்கள். எழுதும்போதே யாருக்கும் தெரியாத ஒரு சர்வர் ஏதாவது மேசைக்கு அடியில் அகப்படும், எனக்கு இதுவரை அகப்படாமல் போனதில்லை. ஓய்வு பெற்ற அந்த மனிதர் உள்ளூரிலேயே இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள், மேலதிகாரியிடம் சொல்லி ஒரு மதிப்பூதியத்துக்கு ஏற்பாடு செய்து, அவர் சொல்வதை ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். ஏதாவது அசம்பாவிதம் என்றால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022இலிருந்து விதி இருக்கிறது. அந்த மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இப்போதே சுவரில் ஒட்டி வையுங்கள், அன்றைக்கு நெட் இருக்காது.

பேக்கப் தினமும் எடுக்கிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லோரும் சொல்வார்கள். அது கணினியிலேயே எப்போதும் சொருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால், ரான்சம்வேர் வருகிற அன்று அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். கழற்றிப் பீரோவில் வைக்க ஒன்று வேண்டும். வைப்பதற்கு முன்னால், இதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு மெஷினில் அதைச் சொருகி, போன மாதத்து ஃபைல் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள்.